மீன்முள்ளும் சோற்று உருண்டையும்

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தேன். மதியம் சாப்பிடும்போது என் மனைவிக்குத் தொண்டையில் மீன்முள் குத்திவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஏட்டி, கடப்புறத்துல பொறந்துட்டு முள்ளெடுத்துத் தின்னத் தெரியாதா?" என்று கேலி செய்து, வெறும் சோற்றை உருட்டி உருட்டி விழுங்க வைத்தேன். மறுநாள் வலிக்கிறது என்றாள்.

"சும்மா கெட, சரியாயிரும்" என்றேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கழுத்தின் முன்பக்கம் எலுமிச்சை அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். முள் எப்போதோ இறங்கிவிட்டது, அது கீறிய வழியாகக் கிருமி போய்த் தைராய்டில் சீழ் கட்டியிருக்கிறது, இது மிக அபூர்வம் என்றார் டாக்டர். கழுத்தை அறுக்க வேண்டுமோ என்று நடுங்கினேன். அவர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஓர் ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுத்தார்.

"இத்தன நாளு ஏம்மா வரல்ல?" என்று கேட்டார்.

"நாந்தான் வீட்டுல சொல்லல்ல டாக்டர்" என்றாள், என்னைப் பார்க்காமல்.

மருந்தெல்லாம் முடிந்து வீட்டில் மறுபடி மீன் வைத்த அன்று, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

"பாத்துத் தின்னுங்க."

அவள் கழுத்தில் ஊசி குத்திய தடம்கூட இல்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.