எலி வெட்டியதும் கத்தரி வெட்டியதும்

வேலூரில் எங்கள் காலேஜ் பொருளாதாரத் துறையில் ஒரு மர அலமாரி இருந்தது. அதைத் திறப்பதற்கு முன் காலால் இரண்டு உதை விட வேண்டும். உள்ளே குடியிருக்கும் எலிகளுக்கு அதுதான் நோட்டீஸ்.

எலிகளோடு அங்கே குடியிருந்தது ஒரு பழைய சர்வே. எழுபதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை செய்யும் குடும்பங்களைப் பற்றி மாணவர்கள் வீடு வீடாகப் போய் எடுத்தது. குடும்பத்துக்கு ஓர் அட்டை. அட்டையின் ஓரம் முழுக்க வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு கேள்வி. சைக்கிள் உண்டா? பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உண்டா? ‘ஆமாம்’ என்றால் அந்த ஓட்டையை ஓரம் வரைக்கும் கத்தரியால் வெட்டித் திறந்துவிடுவார்கள். ‘இல்லை’ என்றால் ஓட்டை அப்படியே இருக்கும். அட்டைகளைக் கட்டாக அடுக்கி, ஒரு கேள்வியின் ஓட்டைக்குள் நீள ஊசியை விட்டுத் தூக்கி உலுக்கினால், ‘ஆமாம்’ எல்லாம் மேஜையில் உதிரும், ‘இல்லை’ எல்லாம் ஊசியில் தொங்கும். கம்ப்யூட்டரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த எங்கள் துறைக்கு இது தாராளம்.

ஒரே சிக்கல், எலியும் ஓரத்தைத்தான் கடிக்கும். கடித்த இடமெல்லாம் ‘ஆமாம்’. துறைத் தலைவர் எனக்குச் செய்து காட்டுவதற்காக ‘மோட்டார் வண்டி உண்டா’ என்ற ஓட்டையில் ஊசியை விட்டு உலுக்கினார். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று தோலை மிதிக்கிற ஜனங்களில் பாதிப்பேர் மோட்டார் வண்டிக்குச் சொந்தக்காரர்களாக மேஜையில் விழுந்தார்கள்.

“பாத்தியாம்மா, நம்ம ஜில்லா எவ்ளோ முன்னேறிடுச்சு!” என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “லீவு முடியறதுக்குள்ள இதை ஒழுங்கு பண்ணிட்டா, இந்த அட்டைங்களை வெச்சு நடத்தற பிராக்டிகல் கிளாஸை நீயே எடுத்துக்கோ. இல்லன்னா பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுர்றேன்.”

அப்போதுதான் எம்.ஏ. முடித்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. காலேஜில் நின்று பாடம் எடுப்பதற்காக எலியோடு என்ன, பாம்போடும் குடித்தனம் நடத்தியிருப்பேன்.

எனக்கு முன்னால் யாரோ நல்ல மனசோடு கிழிசல்களை மைதா பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எலிகள் அதை விருந்தாக எடுத்துக்கொண்டன. பசையில் மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கலந்தால் எலியும் பூச்சியும் அண்டாது என்று பைண்டிங் கடையில் சொன்னார்கள். அதை வாங்க லாங் பஜார் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாத்துக்கும்மா? வீட்ல எதுனா பேஜாரா?”

“சர்வேக்குங்க.”

“சர்வேயா குடிக்கப் போவுது? நாளைக்கு உங்கப்பாவை இட்டுனு வா, தர்றேன்.”

அப்பா வரவில்லை, காலேஜ் பியூன் வந்தார். துறையின் பழைய ஊசி துருவேறி அட்டையைக் கிழித்ததால், வேறு ஊசிக்காக ஆஸ்பத்திரி நர்ஸ் ஹாஸ்டலுக்கு அலைந்தேன். வேலூர் வெயிலில் ஸ்வெட்டர் பின்னும் ஊசி யாரிடம் இருக்கும்? வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்த ஒரு நர்ஸ் அக்காவிடம் இருந்தது.

வேலைக்கு நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். ஓரம் நேராக, கூராக வெட்டுப்பட்டிருந்தால் அது கத்தரி. பிசிறு பிசிறாக இருந்தால் எலி. கத்தரி வெட்டைத் தொட மாட்டேன். எலி வெட்டில் புது அட்டைத் துண்டை ஒட்டி ஓரத்தை மூடி, பழையபடி ஓட்டை போட்டுவிடுவேன். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் அட்டையின் மூலையில் சிவப்பு நூல். தலைவருக்கு நூல் பிடிக்கவில்லை. “தெரியலைன்னு சொல்றதுக்கு எம்.ஏ. எதுக்கும்மா?” என்றார்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஓர் அட்டை கைக்கு வந்தது. அட்டையில் பெயர் கிடையாது. நடுவில் மையால் எழுதியிருந்தது: ஆண் ஒன்று, பெண் ஆறு. ‘சைக்கிள் ஒன்றுக்கு மேல்’ என்ற ஓட்டை அழகாகக் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தது. தெருவின் பெயரைப் பார்த்தேன், ஆம்பூரில் நான் பிறந்து வளர்ந்த எங்கள் தெரு. அந்தத் தெருவில் அம்மா, இரண்டு அத்தைகள், மூன்று பெண்கள் என்று ஆறு பேர் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒற்றை ஆண் என் அப்பாதான். இரண்டு சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆளும் அவர்தான். ஒன்று ஓடும், இன்னொன்று அதற்கு உதிரி பாகம் தரும்.

‘பள்ளிக்கூடம் போகும் பிள்ளை’ ஓட்டையைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. எலிகூட அதைத் தொடவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க்.

தெருவின் மற்ற அட்டைகளை எடுத்தேன். ஒருவர் வீட்டிலும் பிள்ளை படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போனேன். ஆராதனை முடிந்து வந்த கையோடு அப்பாவைப் பிடித்தேன். பிரசங்கத்தின் சூடு ஆறுவதற்குள் கேட்டால் உண்மை வரும் என்று கணக்கு.

“ஆமா, சொன்னேன்,” என்றார் அப்பா. “படிக்கிற புள்ள இருந்தா வசதியானவன்னு நெனைச்சு வீட்டு மனைப் பட்டா தர மாட்டாங்கன்னு தெருவே பேசிக்கிச்சு. தலைக் கணக்குல ஒன்னயும் சேத்துதான் சொன்னோம், யூனிபார்ம் கண்ணுல படக் கூடாதுன்னுதான் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டோம். நீ அங்க ஒக்காந்துனு மூக்கை உறிஞ்சின, ஞாபகம் இல்ல?”

“சைக்கிளை மட்டும் ஏம்பா மறைக்கல?”

“ரெண்டு சைக்கிளை எந்தக் கட்டிலுக்குக் கீழடி தள்றது?”

“பட்டா வந்துச்சா?”

“எங்க வந்துச்சு. காலேஜ்காரப் பசங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒங்கம்மா அதுங்களுக்கு டீ வேற போட்டுக் குடுத்தா.”

வேலூர் திரும்பி, தலைவரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. “அதுக்கு ஏம்மா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? கத்தரியை எடுத்து ஒரு வெட்டு வெட்டு, நீ படிச்சவ ஆயிடுவ. இல்லையா, அந்தத் தெருவையே தூக்கிக் கடாசு. பொய் சொன்னவனை எல்லாம் கிளாஸுக்குக் கொண்டு போனா பசங்க உன்னைக் கிழிச்சிடுவாங்க.”

கத்தரியை எடுத்தேன். மறைக்க மாட்டேன், ஆசையாகத்தான் எடுத்தேன். ஐந்தாம் வகுப்பு முதல் ரேங்க் என்றால் சும்மாவா? ஆனால் வெட்டிவிட்டால், நாளைக்கு இதைப் பார்க்கிறவருக்கு எந்த வெட்டு அன்றைக்கு விழுந்தது, எது நான் போட்டது என்று எப்படித் தெரியும்? எலிக்காவது பிசிறு இருக்கிறது. நான் எலியைவிட மோசமான எலி ஆகிவிடுவேன். கத்தரியை வைத்துவிட்டு, அந்தத் தெருக் கட்டின் மேல் ஒரு சீட்டு எழுதிக் கட்டினேன்: ‘பட்டா கிடைக்குமென்று நம்பிப் பிள்ளைகளை மறைத்த தெரு. அட்டையில் இருப்பது அவர்கள் சொன்னது.’

“உன் கிளாஸ், நீயே சமாளி,” என்றார் தலைவர்.

முதல் வகுப்பில் எங்கள் தெருக் கட்டை எடுத்து, ‘பள்ளிக்கூடம் போகும் பிள்ளை’ ஓட்டையில் ஊசியை விட்டு உலுக்கினேன். ஓர் அட்டைகூட விழவில்லை. முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்: “மிஸ், இந்தத் தெருவுல ஒரு புள்ளகூட படிக்கலையா?”

“ஒண்ணு இங்க நின்னு ஊசியை ஆட்டினு இருக்குது,” என்றேன்.

வகுப்பு அடங்க நேரமானது. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்ப எல்லாமே டூப்பா மிஸ்?” என்றான்.

“சைக்கிள் நெஜம்,” என்றேன். “மத்ததை நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க.”

அடுத்த வாரமே புது அட்டைகளோடு ஆம்பூர் போனார்கள். திரும்பி வந்த அட்டைகளில் முதலில் எங்கள் வீட்டைத் தேடினேன். ‘பட்டதாரி உண்டா?’ ஓட்டையை அப்பா வெட்டச் சொல்லியிருந்தார். அதோடு நிற்கவில்லை. ‘குடும்பத் தலைவி எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சியா?’ ஓட்டையும் கூராக வெட்டப்பட்டிருந்தது. ரேஷன் கடையில் இன்றைக்கும் கைநாட்டு வைக்கிறவள் என் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா மட்டும் அசையவில்லை.

“பொண்ணு காலேஜ்ல பாடம் சொல்லுது. அம்மாக்காரி ஒண்ணும் படிக்கலன்னா நம்புவாங்களா?”

அந்த வெட்டையும் நான் தொடவில்லை, அதற்கும் ஒரு சீட்டு எழுதினேன். அலமாரியில் எங்கள் வீட்டுக்கு இப்போது இரண்டு அட்டைகள் இருக்கின்றன, மேலே இரண்டு சீட்டுகளோடு.