ஒன்பதாம் கட்டிலின் அளவு

என் அக்கா இரண்டரை வருடம் ஒரே ஒரு மனிதரைப் பார்த்துக்கொண்டாள். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன லாரி டிரைவர் அவர். காலையில் அவள் ஜன்னல் திரையை விலக்கும்போது அந்த அறை மெல்ல மெல்ல விடியுமாம். தண்ணீருக்கு அடியில் ஒரு வீடு இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்பாள். ஒரு டம்ளர் பால் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆனாலும் ஏன் என்று கேட்க யாருமில்லை. முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பாள்.

திருப்பும்போதெல்லாம், "வளைவு வருது, ஹாரன் அடிம்மா" என்பார் அவர். அக்கா வாயாலேயே ஹாரன் அடிப்பாள்.

அந்த வேலைக்கு அவள் எடுத்தது பத்து நாள் பயிற்சி. மீதியை அவர் உடம்பைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அங்கே திட்ட ஆளில்லை. சந்தேகம் வந்தால் கேட்கவும் ஆளில்லை. டிரைவரை அவர் மகள் தன்னோடு அழைத்துப் போனபோது, அக்காவின் வேலையும் அதே வண்டியில் ஏறிப் போய்விட்டது.

பிறகு ஆறு மாதம் படித்து, ஆஸ்பத்திரியில் நர்சிங் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தாள். மூன்று மாதம் பார்ப்பார்கள். கடைசியில் இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். பள்ளி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான், இரண்டில் எது நல்ல வேலை என்று கேட்டேன்.

"அங்க ஒரே ஆளு, நாள் பூரா. இங்க பதினாலு பேரு, ஆளுக்குப் பதினாலு நிமிஷம். ஆனா கூப்பிட்டா ஒரு சிஸ்டர் ஓடி வருவாங்கடி" என்றாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. தூக்கத்தில்கூடக் கட்டில் எண்களை முணுமுணுத்தாள்.

கையெழுத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஒன்பதாம் கட்டிலில் சிறுநீரகம் பழுதான ஒரு டீச்சரம்மா. கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்த்துப் பார்த்துக் கூனிக் குறுகுவார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கம்மா. இது இப்படித் தொங்கினா நான் மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

டிரைவர் வீட்டில் விருந்தாளி வருமுன் அக்கா செய்யும் முதல் வேலை அவர் பையைக் காலி செய்வதுதான். கை தானாகப் போனது. பையைக் காலி செய்து துடைத்தாள். ஜன்னல் வெளிச்சம் வெறும் பையில் விழுந்து மினுங்கியது. அதையே பார்த்தபடி நின்றாளாம்.

"ஒன்பதுக்கு எவ்வளவு?" சார்ட்டோடு வந்து நின்றார் இன்சார்ஜ் சிஸ்டர்.

பையில் சேர்ந்த சிறுநீரின் அளவைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். கூட வேலை செய்பவள் ஒருத்தி உண்டு, எல்லோருக்கும் அவள் 'புயல்'. அவள் அக்காவின் காதருகே குனிந்தாள்.

"நானூறுன்னு சொல்லிடு. நேத்தும் அதான். கொட்டினது வந்து சாட்சி சொல்லவா போகுது?"

நானூறு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே டீச்சரம்மாவின் வீங்கிய கால்கள்.

"அளக்கல சிஸ்டர். கொட்டிட்டேன்."

"இதென்ன உங்க வீடா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மருந்து மதியம்வரை தள்ளிப்போனது. மணிக்கொரு தரம் அளந்து எழுதும் வேலை அக்கா தலையில் விழுந்தது. ஒரு சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. முப்பது மில்லி. இருபத்தைந்து மில்லி. வார்டின் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்டதாம்.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "வேலை என்னடி ஆச்சு?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். "கிடைக்கல. போகவும் இல்ல. கையெழுத்துக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னுட்டாங்க."

"வீட்ல கப்பு உடைஞ்சா பூனை மேல பழியப் போடுவ. அங்க போய் உத்தமி ஆயிட்டியாக்கும்!"

அக்கா பழைய தலையணை உறை ஒன்றைக் கத்தரித்துத் தைத்தாள். மேலே கட்ட இரண்டு நாடா. முன்னால் தூக்கிப் பார்க்க ஒரு மடிப்பு.

"சம்பந்திக்குத் தெரியக் கூடாது. சிஸ்டருக்குத் தெரியணும்" என்றாள் என்னிடம்.

மறுநாள் சிறுநீர்ப் பை அந்த உறைக்குள் தொங்கியது. இன்சார்ஜ் சிஸ்டர் நின்று பார்த்தார். மடிப்பைத் தூக்கி, அளவைப் படித்து, சார்ட்டில் எழுதினார்.

"தரையில படுது. கொஞ்சம் ஏத்திக் கட்டு. தினம் துவைக்கணும்" என்றபடி பத்தாம் கட்டிலுக்குப் போனார்.