அக்கா கேட்ட கையெழுத்து

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. பொறுமையின் வடிவம் என்று அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா கோபக்காரர். அந்தக் கோபத்துக்குக் காரணமானவர்களில் பலர் இன்று பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அக்கா பிறந்தது சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் அவருக்கு ஏழு வயது. ஒரு நாள் விடியற்காலைப் பிரட்டில், வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பெயர் வாசித்தார். செக்ரோல் என்ற ஆள்பெயர்ப் புத்தகத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே அவர் சிவப்பு மையால் கோடு போட்டதை அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். சயாமில் ரயில் பாதை வேலை, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். லோரியில் ஏறிய அப்பா திரும்பவே இல்லை. நான் அப்போது அம்மாவின் வயிற்றில்.

மரவள்ளிக்கிழங்கை அவித்துப் போட்டு அம்மா எங்களைக் காப்பாற்றினார். ஒரு பிடி அரிசி தராத சொந்தங்கள் வாயை மட்டும் தாராளமாகத் திறந்தார்கள். "அவன் எங்க செத்தான்? ஓடிப்போயி சயாம்காரியோட குடும்பம் நடத்துறான்லா" என்று அம்மாவின் காதுபடவே பேசினார்கள். இறந்த நாள் தெரியாததால் அப்பாவுக்குத் திதியும் இல்லை.

"ஓடல, பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. புத்தகத்துல இருக்கு!" என்று அக்கா எல்லாரிடமும் மல்லுக்கு நின்றார். பிற்பாடு கோலா கெத்தில், கரங்கான் என்று ஊர் ஊராகப் பஸ் ஏறிப்போய், சயாமுக்குப் போனவர்களின் குடும்ப வரலாற்றைப் பள்ளி நோட்டுகளில் எழுதினார். தோட்டத்துப் பழைய புத்தகங்களை அழிக்கக் கூடாது, குடும்பத்தார் கேட்டால் காட்ட வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று மனு எழுதி, நாங்கள் ஒய்.பி. என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் போனார்.

"பழசக் கிளறி என்னம்மா ஆகப் போவுது? கோயிலுக்குக் கூரை வேணும்னா கேளுங்க" என்றார் அவர்.

"கூரைய நாங்க போட்டுக்குறோம், ஒய்.பி. எங்கப்பா பேர நீங்க காப்பாத்துங்க" என்றார் அக்கா. தேநீர் கிடைத்தது. சட்டம் கிடைக்கவில்லை.

அந்த மனிதரைத் திட்டி இத்தோடு முடித்துவிடலாம். ஆனால் அப்போது அதே தோட்ட ஆபீசில் கிராணி நான். "ஸ்டோர்ல பழைய செக்ரோல் கட்டுக்கட்டாக் கிடக்கே, தேடிப் பாருடா தம்பி" என்று அக்கா கெஞ்சினார். நேரமில்லை என்றேன். கையெழுத்துப் போடச் சொல்லி மனுவை நீட்டினார். "வேலை போயிடும்க்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். தோட்டத்தை விற்றதும் ஸ்டோரைக் காலி செய்யச் சொன்னார் மானேஜர். கரையான் அரித்த குப்பைதானே என்று நானே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பாவி.

அன்று மட்டும் அக்கா திட்டவில்லை. சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். "நம்மது போச்சு. மத்த தோட்டத்துல இருக்குமே" என்றவர் மறுநாளே ஒய்.பி. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். கடைசியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோதும் மனுவைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருந்தார்.

அக்காவோடு பஸ் ஏறிய பெண்களுக்கும், கடைசிவரை கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் என் நன்றி. மற்றவர்களுக்கு இப்போதைக்கு இல்லை. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். அதில் அக்காவின் மனு இருக்கிறது. சாப்பிட்டவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், பிறகு நன்றி சொல்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. அக்கா உயிரோடு கேட்டபோது நான் போடாதது.