கரண்ட் வராத வீட்டு ஜன்னல்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் கணபதி ஏரியாவில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் எல்லாம் அடிப்போம். எனக்குக் கூடுதலாக ஒரு வேலை இருந்தது. வீடு கட்டி விற்கும் ஒருவர் கொண்டுவரும் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அழகாக்க வேண்டும்.

அவர் அவிநாசிப் பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள் கட்டியிருந்தார். படம் எடுப்பது எப்போதும் பொழுது சாய்ந்த பிறகுதான். பகலில் எடுத்தால் பூசாத பக்கச்சுவரும் ரோடு இல்லாத பொட்டலும் பல்லை இளிக்கும். அந்தி நீலத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஜன்னல்கள் மட்டும் இருட்டாக இருக்கும். அங்கே இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை.

“சன்னலுக்கெல்லாம் மஞ்சளா லைட்டுப் போட்டு உடு அம்மணி” என்றார்.

“அங்க கரண்ட் இல்லீன்னு சொன்னீங்களேங்க?”

“படத்துக்கு எதுக்கு அம்மணி கரண்ட்டு?”

அவர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதோடு விட்டேனா? வெளிச்சம் வாசல் மண்ணில் விழுவது போலக்கூட வரைந்து, என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தப் படங்களோடு அடித்த நோட்டீஸின் அடியில் எங்கள் சென்டர் விலாசம் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சில மாதங்கள் கழித்து ஒரு பெண் வந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கு லேத்துப் பட்டறையில் வேலையாம். அந்த வரிசையில், கிணற்றை ஒட்டிய முதல் வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறார்கள்.

“ஏனுங்க, இந்தப் படத்துல எல்லா ஊட்லயும் லைட்டு எரியுதுங்களே. இது எந்தக் கம்பத்துல இருந்து வந்த கரண்ட்டுங்க? கம்பியே வரலைன்னு கரண்ட் ஆபீஸ்ல சொல்றாங்க. புள்ள பத்தாவதுங்க, சீமெண்ணெய் விளக்குல படிச்சுக் கண்ணெரியுதுங்கறா. நீங்க கம்பத்தைக் காட்டுனீங்கன்னா நான் போய்ச் சொல்லிக்குவனுங்க.”

என்னைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை இல்லை. நான் வரைந்ததை அத்தாட்சியாக நம்பி, கசங்காமல் மடித்துக் கொண்டுவந்திருந்தார். ஆனாலும் என் வாயில் வந்தது பொய்தான்.

“போட்டோ எடுத்தவருக்குத்தானுங்க தெரியும்.”

“செரிங்க, அவரையே கேட்டுக்கறனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மீதி வீடுகளை விற்க அந்த ஆள் மறுபடி படம் எடுத்துவந்தார். அதே வரிசை, அதே அந்தி நேரம். கிணற்றோர வீட்டு ஜன்னலில் மட்டும் மங்கலாக ஒரு வெளிச்சம். அதன் முன்னால் குனிந்த தலை ஒன்று, இரட்டைச் சடையோடு.

“பாரு, இந்த ஊட்ல நெசமாவே வெளிச்சம் இருக்குது. அதையே கொஞ்சம் ஏத்திப்போடு. அந்தத் தலையை மட்டும் எடுத்துரு அம்மணி, வெளிச்சத்தை மறைக்குது.”

இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பிள்ளையின் தலை இருந்த இடத்தில் மஞ்சளைப் பூசிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று அவரிடமே கேட்டேன்.