ஷேர் வேனில் போன முதலாளி

முதலிபாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அறுபது மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கும் மகுடேஸ்வரனுக்கு, அடுத்தவரோடு ஒட்டி உட்கார்ந்து பயணம் போவது என்றாலே உடம்பெல்லாம் கூசும். அவர் கார் சர்வீசுக்குப் போயிருந்த அன்று பார்த்து டாக்சி எதுவும் கிடைக்கவில்லை. மகள் அக்ஷரா போனில் ஷேர் வேன் புக் பண்ணினாள்.

"ஊட்டு வாசலுக்கே வருமுங்கப்பா. அந்தப் பக்கம் போறவங்க நாலு பேரை வழியில ஏத்திக்குவாங்க, அவ்வளவுதான்."

அந்த நாலு பேரை ஏற்ற வேன் நாற்பது சந்து புகுந்தது. "நேராப் போனா என்னங்க?" என்று அதட்டினார். டிரைவர் மருதாசலம் செல்போனைக் காட்டி, "நான் ஓட்டறதோட சரிங்க. வழி சொல்றது இதுதானுங்க" என்றான்.

காங்கயம் ரோட்டில் முத்துப்பேச்சி ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கம்பெனியிலேயே செக்கிங் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். முதலாளியைக் கண்ணாடி அறைக்குள் முதுகாக மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"எந்தக் கம்பெனிண்ணே?"

முதலாளி ஷேர் வேனில் வந்தார் என்று ஊர் பேசிவிட்டால்? கம்பெனிப் பெயரைச் சொல்லி, "கட்டிங் செக்சன்ல வேலைங்க" என்றார்.

"அய்யோ பாவம், நீங்களும் அங்கனதானா! கக்கூஸ் போக டோக்கன் கேக்காரே அந்த மனுசன், வீட்டுல பொண்டாட்டிகிட்ட டோக்கன் வாங்கிட்டுத்தான் போவாரோ?"

வேனே சிரித்தது. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மகுடேஸ்வரனும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சும்மா சும்மா எந்திரிச்சுப் போறாங்கன்னு வெச்சிருப்பாருங்க" என்று தனக்காகத் தானே வாதாடிப் பார்த்தார்.

"அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்காம கெடக்கோம்ணே. நான் வேற இடம் பாத்துட்டேன். உங்களுக்கும் சொல்லி வைக்கட்டுமா?"

அவர் தலையை ஆட்டி வைத்தார்.

கேட்டில் இறங்கியதும் வாட்ச்மேன் ஓடிவந்து, "வணக்கமுங்க மொதலாளி!" என்று விறைத்து நின்றார். முத்துப்பேச்சி திரும்பி வேனிலேயே ஏறப் பார்த்தாள். "நேரமாச்சு, உள்ள போங்க அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானமே டோக்கன் பெட்டியை எடுக்கச் சொன்னார். சூப்பர்வைசர் காரணம் கேட்டதற்கு, "நம்மகிட்டச் சரக்கு வாங்கற ஜெர்மனி பையர் சொல்லிட்டாங்க" என்றார்.

முத்துப்பேச்சி மறுநாளிலிருந்து வரவில்லை.

கார் திரும்பி வந்த பிறகும் மகுடேஸ்வரன், கம்பெனியைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க அவ்வப்போது அந்த வேனைக் கூப்பிடுகிறார். தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறார். அதற்குள் விஷயம் எஸ்டேட் முழுக்கப் பரவிவிட்டது. அவர் தலையைக் கண்டதும், "வணக்கமுங்க. நல்ல கம்பெனிங்க, நல்ல மொதலாளிங்க" என்று ஆளுக்கு ஒருதரம் சொல்லிவிட்டு எல்லாரும் தூங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.