விக்டோரியா வாரத்துக்குக் கொடுத்த புத்தகங்கள்

என் மகள் படிக்கும் திருவொற்றியூர்ப் பள்ளியில் நூலக வாரம் கொண்டாடப்போகிறார்கள், இந்த வருடத் தலைப்பு விக்டோரியா காலம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது, நான் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் கம்பிக்கு பில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எழுதப்பட்ட புத்தகங்களோ, அந்தக் காலத்தைப் பற்றிய புத்தகங்களோ வீட்டில் இருந்தால் பெற்றோர் கொடுத்து உதவலாம் என்று கடைசியில் போட்டிருந்தது. அந்தப் பள்ளி அதுவரை என்னிடம் கேட்டதெல்லாம் சார்ட் பேப்பர், தெர்மாகோல், ஆதார் நகல். முதல்முறையாக என்னிடம் உண்மையிலேயே இருக்கும் ஒன்றைக் கேட்டார்கள்.

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டு முழுக்க அந்தக் காலத்து நாவல்கள்தான். எண்ணூரில் கடலை ஒட்டிய குப்பத்தில் பிறந்து, பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். அங்கே ஒரு பேராசிரியர், "பாஸ் பண்றதுக்கு நோட்ஸ் போதும்மா. அந்த நாவலெல்லாம் உங்களுக்கு செட் ஆகாது" என்றார். 'உங்களுக்கு' என்றபோது அவர் பார்த்தது பின் பெஞ்சில் இருந்த எங்களை. அந்த ஆத்திரத்தில் சென்ட்ரலுக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், கையில் அகப்பட்ட ஒரு தடித்த நாவலை வாங்கி வந்தேன். பஞ்சாலை ஊர் ஒன்றின் கதை. ஒரு மழைக்காலம் முழுக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புகை, இருமல், வேலைநிறுத்தம், கதவைச் சாத்திக்கொள்ளும் முதலாளி. எதுவும் எனக்கு வெளிநாடாகத் தெரியவில்லை. எங்கள் குப்பத்தில் கொடியில் காய்ந்த துணியை அனல்மின் நிலையச் சாம்பல் போக உதறிவிட்டுத்தான் மடிப்போம்.

விக்டோரியா காலம் என்றால் லேஸ் வைத்த கவுன், பீங்கான் கோப்பை, மூடுபனியில் போகும் குதிரை வண்டி என்று நினைப்பவர்கள் அந்தப் புத்தகங்களில் நல்லவற்றைத் தொட்டதே இல்லை. நல்லவை எல்லாம் கோபத்தில் எழுதப்பட்டவை. குழந்தைகளைப் புகைக்கூண்டுக்குள் ஏற்றி அனுப்புகிறார்களே, கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு நாற்காலிகூடக் கிடையாது என்று சட்டம் போட்டிருக்கிறார்களே என்று பொறுக்க முடியாமல் எழுதியவை. மோசமானவையும் உண்டு. கடைசி அத்தியாயத்தில் யாரோ ஒரு சித்தப்பா செத்துப்போய், கதாநாயகனுக்குச் சொத்து வந்து, எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும். அந்த வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பள்ளிக்கு மூன்று புத்தகங்களை எடுத்து வைத்தேன். ஒன்று, அந்தப் பஞ்சாலை நாவல்; புகைக்கூண்டு துடைக்கும் பையன் ஒருவன் வருவது அதில்தான். இரண்டாவது, துணி தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் கதை. ஊசி வேலையிலேயே அவள் கண் போய்விடும். மூன்றாவது, நம் காலத்து ஆய்வாளர் ஒருவர் தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய வரலாறு. அதே மகாராணியின் ஆட்சியில்தான், இதே சென்னையில், கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்துகிடக்க, ஜனம் அதற்குப் பக்கத்திலேயே நடந்துவந்து விழுந்து செத்தது. விக்டோரியா காலம் லண்டனில் மட்டும் நடந்ததில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று அதையும் சேர்த்தேன். ஒவ்வொன்றிலும் எதற்காக இதைப் படிக்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தேன். ஆங்கில ஆசிரியை உடனே செய்தி அனுப்பினார்: "சூப்பர் ஆண்ட்டி! இத வச்சே ஒரு ஸ்கிட் போடலாம்னு இருக்கோம்." அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் மகள் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எனக்கு பார்ட்டு குட்த்துட்டாங்க. புகைக்கூண்டு தொடைக்கிற பையன். மூணு டயலாக் கீது."

"வேற யாருக்கெல்லாம் என்ன பார்ட்டு?"

சொன்னாள். எங்கள் குப்பத்திலிருந்து அந்த வகுப்புக்குப் போகும் ஐந்து பிள்ளைகளும் புகைக்கூண்டுப் பையன்கள். பிரபுக்களும் சீமாட்டிகளும் மற்றவர்கள்.

"ராணி யாரு?"

"எங்க க்ளாஸ்லயே செவப்பா கீதே, அது." ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். "டான்ஸ் மாஸ்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? ஒங்களுக்கு மேக்கப் செலவே இல்லடா, மூஞ்சில லேசா கரி தடவுனா போதும்னாரு. எல்லாம் ஒரே சிரிப்பு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மாஸ்டர் சொன்னதைவிட அவள் சிரித்ததுதான் எனக்கு நெஞ்சை அறுத்தது. நான் அந்த வயதில் இப்படித்தான் சிரித்திருக்கிறேன். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் கடைக்குத் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை ஏ.சி. அறையில் உட்காரவைத்தார். ஆங்கில ஆசிரியையும் வந்து சுவரோரம் நின்றார். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும்.

"கலரெல்லாம் நாங்க பாக்கறதே இல்லம்மா," என்றார் தலைமை ஆசிரியை. "அந்தப் பசங்க நல்லா ஓடுவாங்க, ஏறுவாங்க. அந்த ரோலுக்கு நேச்சுரலா இருப்பாங்க."

"என்ன நேச்சுரல், மேடம்?"

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு ரியாலிட்டி வரும், அவ்வளவுதான்."

"அப்போ சீட்டு குலுக்கிப் போடுங்க. யாருக்கு எது வருதோ வரட்டும்."

"ரிகர்சல் பாதி முடிஞ்சிருச்சேம்மா. காஸ்ட்யூம் அளவெல்லாம் எடுத்தாச்சு. உங்க புக்ஸ்லேர்ந்துதானே இந்த ஐடியாவே வந்தது? நீங்க சந்தோஷப்படணும்."

ஆசிரியையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் ஒரு குழந்தையின் முகத்தில் இருந்த கரியைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நாவல் எழுதினார். அதைப் படித்துவிட்டு, இன்னொரு குழந்தையின் முகத்தில் பூச இவர்கள் கரி தேடுகிறார்கள். இதை அந்த அறையில் நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "இது ரொம்ப கேவலம் மேடம்" என்று மட்டும் சொன்னேன். தலைமை ஆசிரியைக்கு எதுவும் உறைக்கவில்லை. மணியடித்து எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கடைக்கு வந்தால், எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டிருந்தது. ராணியாக நடிப்பது எங்கள் முதலாளியின் மகள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டவர். கத்திப் பேசாத மனுஷன்.

"ஏம்மா, பள்ளிக்கொடத்துல போயி சண்ட போட்டியாமே? நாடகத்த நிப்பாட்டிருவாவளோன்னு எம் மவ போன்ல அழுதா."

நடந்ததைச் சொன்னேன். மாஸ்டர் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவ, அவ அம்மா கலரு. தப்பிச்சா," என்றார். "நாங்க மட்டும் என்ன செவப்பா? இந்த ஊருக்கு வந்த புதுசுல எங்களையும் கரிக்கட்டன்னுதான் சொன்னாவ. அதுக்காவ சண்டையா போட்டோம்? கடையப் போட்டோம்."

"ரெண்டையும் போட்டிருக்கலாம், அண்ணாச்சி."

லோடு வந்திருக்கிறது, பில்லைப் பார் என்றார்.

அன்று மாலை, நாடகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன். அவள் வெடித்துவிட்டாள்.

"நீ இன்னாத்துக்கு ஸ்கூலாண்ட வந்து அசிங்கம் பண்ற? நான் நடிப்பேன். ராணி சும்மா குந்திகினு கையாட்டும், அவ்ளோதான். அந்தப் பையன்தான் மொதலாளியாண்ட நேரா பேசுறான். அது எம் பார்ட்டு."

அவள் சொன்னது நியாயம்தான். எழுதிய ஆசிரியை எதை நினைத்து எழுதினாரோ, அந்தப் பையனுக்கு நல்ல வசனம் வாய்த்திருந்தது. ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை.

"கரி பூசிக்கினு நிப்பியா?"

அவள் முகம் மாறியது. "கரி வாணாம்," என்றாள். "ரிகர்சல்ல ஒருதபா பூசுனாங்க. தூளு மூக்குக்குள்ள போயி எனக்கு இழுத்துச்சி. மாஸ்டராண்ட சொன்னேன். சும்மா நடிக்காதன்னு சொன்னாரு."

மழைக்காலம் முடிந்து பனி இறங்கினால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். நெபுலைசர் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு வாடிக்கை. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். அந்தப் பிள்ளையிடம், மூச்சு முட்டுகிறது என்று சொன்ன பிள்ளையிடம், நடிக்காதே என்றிருக்கிறார். இதை அவள் என்னிடம் முதலில் சொல்லவே இல்லை. சொன்னால் பார்ட்டு போய்விடுமாம்.

நாடகத்தன்று நான் முதலில் பார்வையாளர்கள் பக்கம் போகவில்லை. நேராக மேடைக்குப் பின்னால் வேஷம் போடும் வகுப்பறைக்குப் போனேன். நடனமும் பி.டி.யும் எடுக்கும் அந்த மாஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குப்பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே பூசி முடித்திருந்தார். என் மகள் மூன்றாவதாக நின்றாள்.

"மாஸ்டர், அந்த டப்பாவை மூடுங்க."

"கேரக்டருக்கு வேணும்மா. கொஞ்சம் வெளிய நில்லுங்க."

படித்த தமிழ் அதோடு போய்விட்டது எனக்கு. "தே, டப்பாவ மூடுன்றேன்ல. எம் புள்ளைக்கு இழுக்குதுன்னு சொல்லிக்கீது, நீ நடிக்காதன்னு சொல்லிக்கீற. இப்ப அது மூஞ்சில கைய வெச்சிப் பாரு."

சீமாட்டி வேஷம் போட்ட பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கரி பூசிய ஒரு பையனின் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுக்கா. ஒரு நாள் கூத்து. நீ பேசிட்டுப் பூடுவ, நாளைக்கு எம் புள்ளையத்தான் மொறைப்பாங்க."

இன்னொரு அம்மா தன் மகளை வரிசையிலிருந்து இழுத்து என் பக்கத்தில் நிறுத்தினாள். மற்றொருத்தியும் அப்படியே செய்தாள். மாஸ்டர் டப்பாவை மூடினார்.

ஆக, மேடையில் மூன்று பிள்ளைகள் வெறும் முகத்தோடும் இரண்டு பிள்ளைகள் கரியோடும் நின்றார்கள். ராணி கையாட்டினாள். என் மகள் நாடகத்து முதலாளியைப் பார்த்து மூன்று வசனத்தையும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள். கைதட்டினார்கள். அதன்பிறகு சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளைப் புகையிலும் கரியிலும் வாட்டினார்கள், இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள், சுத்தமான காற்றில் படிக்கிறார்கள் என்றார். திருவொற்றியூரில் நின்றுகொண்டு சொன்னார். எண்ணூர்ப் பிள்ளைகளை வரிசையாகப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு சொன்னார். தலைமை ஆசிரியை என் பெயரைச் சொல்லி, புத்தகங்கள் தந்து உதவியதற்கு நன்றி என்றார். அதற்கும் கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிடச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

வாசலில் ஆங்கில ஆசிரியை ஒரு பையோடு ஓடிவந்தார். "உங்க புக்ஸ், ஆண்ட்டி. அந்தப் பஞ்சம் புக்க மட்டும் மேடம் டிஸ்ப்ளேல வைக்க வேணாம்னுட்டாங்க. போட்டோஸ் டிஸ்டர்பிங்கா இருக்காம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் எதுவும் பேச முடியல ஆண்ட்டி. இப்பதான் வேலைக்குச் சேந்திருக்கேன்."

"நீங்களாவது அதைப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

ஷேர் ஆட்டோவில் மகள் பையைக் குடைந்துகொண்டே வந்தாள்.

"இதுல அந்தப் பையன் எதுலமா வரான்? மொதலாளியாண்ட பேசுவானே."

"இதுல எதுலயும் அவன் அப்படிப் பேச மாட்டான். அது உங்க மிஸ் எழுதுனது. இந்தப் புத்தகங்கள்ல அவனுக்காக மத்தவங்க பேசுவாங்க, அழுவாங்க. அவன் பெரும்பாலும் செத்துடுவான்."

"அப்ப எதுக்கு இத்தப் படிக்கிற?"

"கோவம் வரணும்னு."

"அது ஒனக்கு ஏற்கெனவே நெறைய கீதே," என்றாள். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அந்த எழுத்தாளர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இரக்கப்பட்டார்கள், ஆனால் வாயைத் திறக்க விடவில்லை. பஞ்சப் புத்தகத்தின் படங்களில் விலா எலும்பு தெரிய நிற்பவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை. படம் எடுத்தவன் பெயர் இருக்கிறது. அப்படியும் அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். யார் பெயர் விட்டுப்போனது என்பதற்காகவாவது.

என் கையைப் பிடித்து இழுத்த அந்த அம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. அவள் பையனை யாரும் முறைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். முறைப்பு எங்களுக்குத்தான் வந்தது. சில வாரம் கழித்து, விளையாட்டு விழாவுக்கான அணிவகுப்பில் தன்னைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

"நான் வந்து கேக்கட்டா?"

"வாணாம். நானே கேட்டுட்டேன். ஏன் சார் பின்னாடின்னு."

"என்ன சொன்னாரு?"

"ஹைட்டுன்னாரு."

"நம்புனியா?"

மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"இல்ல."