ஒரு கால் சிவப்பு, ஒரு கால் நீலம்

பெருங்களத்தூரில் விழுப்புரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என் வலது ஷூ வாயைப் பிளந்துவிடுகிறது. நல்லவேளை, ஸ்டாப்பை ஒட்டியே குடை விரித்து உட்கார்ந்து செருப்புத் தைக்கிறார் ஓர் அக்கா. இரண்டு ஷூவுக்கும் புது சோல் போட்டாக வேண்டும் என்கிறார். அதுவரை போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு தருகிறார். வலது கால் சிவப்பு, இடது கால் நீலம்.

"ஜோடியா இல்லையாக்கா?"

"ஜோடியா குடுத்தா, பஸ்ஸு வந்ததும் பிஞ்ச ஷூவ என் தலைல கட்டிட்டு ஏறிப் பூடுறாங்க சார். இத்த போட்டுகினு எவன் ஊருக்குப் போவான்?"

பஸ் வருகிறது. ஜன்னல் சீட்டெல்லாம் காலி. குனிந்து காலைப் பார்க்கிறேன். ஏறத் துணிச்சல் வரவில்லை.

பக்கத்தில், பூட்ஸைத் தைக்கக் கொடுத்துவிட்டு இன்னொருவர் அதே பஸ்ஸை ஏக்கமாகப் பார்க்கிறார். அவருக்கு வலது நீலம், இடது சிவப்பு. என் காலைப் பார்க்கிறார், தன் காலைப் பார்க்கிறார். மெல்ல நெருங்கி வந்து காதோடு கேட்கிறார்: "சார், ஒரு கால் மட்டும் மாத்திக்கலாமா?"

நான் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. ஊசியிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா குரல் கொடுக்கிறார்: "ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நில்லுங்க!"